பன்னிரண்டாவது பிடி: கான்ட்ராக்ட் பிரிட்ஜில் ஸ்லாம் ஏலம்

கான்ட்ராக்ட் பிரிட்ஜில் ஒரு ஆட்டத்துக்கு மொத்தம் 13 பிடிகள். நால்வரும் ஆளுக்கொரு சீட்டு இறக்கி முடிக்கும் ஒரு சுற்றே ஒரு பிடி. அவற்றில் 12 பிடிகளை எடுப்பதாக ஏலத்திலேயே சொல்லி, சொன்னபடி எடுத்துவிட்டால் அது சிறு ஸ்லாம். 13 பிடிகளையும் சொல்லி எடுத்தால் கிராண்ட் ஸ்லாம். எதிரெதிரே அமர்ந்த இருவர் கூட்டாளிகள். ஒருவர் கையில் இருப்பதை மற்றவர் பார்க்க முடியாது. ஒரு கிளாவரில் தொடங்கி ஏழு நோ டிரம்ப்பில் முடியும் 35 கேட்புகளும், பாஸ், டபுள், ரீடபுள் என்ற மூன்று சொற்களுமே அவர்கள் பேசிக்கொள்ள விதி அனுமதிக்கும் மொழி. ஒருவர் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுகளின் சேர்க்கைகளோ 63,501 கோடிக்கும் மேல். வலுவான இரு கைகள் ஒன்று சேரும்போது பன்னிரண்டாவது பிடி இருக்கிறதா இல்லையா என்பதை இந்தச் சிறிய மொழியைக் கொண்டு கண்டறிவதே ஸ்லாம் ஏலத்தின் பிரச்சினை.

இப்பிரச்சினை ஆட்டத்தின் இயல்பிலேயே இருந்ததன்று. மதிப்பெண் விதியை மாற்றியதால் பிறந்தது. முன்பு வழக்கிலிருந்த ஆக்ஷன் பிரிட்ஜில் ஏலம் எவ்வளவு தாழ்வாக நின்றாலும், எடுத்த பிடிகள் எல்லாம் கணக்கில் சேர்ந்தன. 12 பிடிகள் எடுத்தவருக்கு, அவர் அதைக் கேட்டிருந்தாலும் கேளாவிட்டாலும், ஸ்லாம் பரிசு கிடைத்தது. ஆகவே மலிவாக ஏலத்தை முடித்துக்கொள்வதே அங்கு சாமர்த்தியம். பிரான்சில் ஆடப்பட்ட பிளாஃபோன், கேட்ட பிடிகளே கேம் எனப்படும் வெற்றியின் கணக்கில் சேரும் என்ற கொள்கையை ஏற்கெனவே கொண்டிருந்தது. அமெரிக்கரான ஹரால்டு வாண்டர்பில்ட் 1925-இல் பனாமா கால்வாய் வழியாக ஹவானாவுக்குச் சென்ற ஒரு கப்பல் பயணத்தில் அக்கொள்கையை விரித்து, கேட்டு எடுத்த ஸ்லாமுக்குப் பெரும் பரிசையும், முந்தைய வெற்றியால் பரிசும் தண்டனையும் கூடும் ‘வல்னரபிள்’ என்ற நிலையையும் சேர்த்து, இன்றைய ஆட்டத்துக்கு உருவம் கொடுத்தார். கேளாத ஸ்லாமுக்குப் பரிசு இல்லை என்ற அந்த ஒரு விதிதான் பின்வந்த நூறாண்டு ஆராய்ச்சிக்கெல்லாம் வித்து.

பரிசு எவ்வளவு என்பதிலிருந்தே, எவ்வளவு உறுதி இருந்தால் ஸ்லாம் கேட்கலாம் என்பதும் வருகிறது. கேட்பின் எண், ஆறு பிடிகளுக்கு மேல் எத்தனை எடுக்க வேண்டும் என்பதைக் குறிக்கும். வல்னரபிள் அல்லாத நிலையில் இஸ்பேடைத் துருப்பாக வைத்து ஆறு கேட்டு 12 பிடிகள் எடுத்தால் 980. நான்கு மட்டும் கேட்டு அதே 12-ஐ எடுத்தால் 480. ஒரு பிடி குறைந்து 11 மட்டுமே கிடைத்தால், ஆறு கேட்டவருக்கு 50 தண்டனை. நான்கு கேட்டவருக்கோ 450 வரவு. வெற்றியில் 500 லாபம், தோல்வியில் 500 நட்டம் என்பதால், வெற்றி வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தாலே சிறு ஸ்லாம் கேட்கத்தக்கது. வல்னரபிள் நிலையிலும் இருபுறமும் 750 என்று கணக்கு சமமாகவே நிற்கிறது. கிராண்ட் ஸ்லாமில் நிலை வேறு: ஏழு கேட்டு வென்றால் 1510, ஆறோடு நின்று 13-ஐயும் எடுத்தால் 1010, ஆகக் கூடுதல் லாபம் 500, தோற்றால் கைக்கு வந்திருக்க வேண்டிய 980 போய் 50 தண்டனையும் சேர்வதால் நட்டம் 1030. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேலான, அதாவது 67 விழுக்காட்டுக்கு மேற்பட்ட, வாய்ப்பு இருந்தால்தான் இது கட்டுபடியாகும். எதிராளிகளிடம் உள்ள ஐந்து துருப்புகள் மூன்றும் இரண்டுமாகப் பிரிய 67.8 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதையும், ஒரு ராஜா இன்னார் கையில் இருக்கும் என்று நம்பி ராணியை விட்டுப்பார்க்கும் ஃபினெஸ் பாதிக்குப் பாதியே பலிக்கும் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால், துருப்புப் பிரிவை மட்டும் நம்பிய கிராண்ட் ஸ்லாம் மயிரிழையில் தேறுவதும், ஃபினெஸை நம்பியது தேறாததும் விளங்கும்.

எப்போது கேட்கலாம் என்பதைக் கணக்கு சொல்லிவிடுகிறது; கையைப் பார்த்து அந்த வாய்ப்பை எப்படி அறிவது என்பதுதான் கடினம். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று மில்டன் வொர்க்கின் பெயரால் வழங்கி, சார்லஸ் கோரன் எழுதிய நூல்களால் உலகெங்கும் பரவிய புள்ளிக் கணக்கில், சீட்டுக்கட்டு முழுவதற்கும் 40 புள்ளிகள். கூட்டாளிகள் இருவரிடமும் சேர்ந்து 33 இருந்தால் சிறு ஸ்லாம், 37 இருந்தால் கிராண்ட் ஸ்லாம் என்ற பழைய வாய்பாட்டுக்குக் காரணம் எளிது: 33 இருந்தால் எதிராளிகளிடம் மிஞ்சுவது 7, அதில் இரண்டு ஏஸ்கள் அடங்கா, 37 இருந்தால் மிஞ்சும் மூன்றில் ஒரு ஏஸ்கூட அடங்காது. இரு கைகளிலும் நான்கு இனங்களும் ஏறத்தாழச் சமமாகப் பரவி, துருப்பின்றி ஆடப்படும் ஒப்பந்தங்களுக்கு இவ்வாய்பாடு இன்றும் நம்பத்தக்கதே. துருப்பு ஒன்று அமைந்து, கைகள் கோணல்மாணலாக இருக்கும்போதுதான் இது கைவிட்டுவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்பது தகும். கூட்டாளிகள் இருவரையும் தெற்கு, வடக்கு என்போம். தெற்கின் கையில் இஸ்பேட் ஏஸ், ராஜா, ஜாக்கி, 7, 4. ஆர்ட்டின் ஏஸ், 6, 2. டைமண்ட் 8, 5, 3. கிளாவர் ராஜா, 4. வடக்கின் கையில் இஸ்பேட் ராணி, 10, 6, 2. ஆர்ட்டின் ராஜா, 7, 4. டைமண்ட் 9 மட்டும். கிளாவர் ஏஸ், ராணி, 8, 7, 3. தெற்குக்கு 15, வடக்குக்கு 11, ஆக 26 புள்ளிகள். வாய்பாட்டின்படி இது நான்கு இஸ்பேட் போன்ற கேம் ஒப்பந்தத்துக்கே அளவானது. ஆனால் பிடிகளை எண்ணினால், தெற்கின் ஐந்து துருப்புகள், வடக்கின் கையில் டைமண்டை வெட்டும் இரண்டு துருப்புகள், ஆர்ட்டினில் ஏஸும் ராஜாவும், கிளாவரில் மூன்று பெரிய சீட்டுகள் என்று 12 வந்துவிடுகின்றன. தெற்கின் மூன்றாவது ஆர்ட்டின் கிளாவர் ராணியின் மேல் கழிந்துபோகும். எதிராளிகளுக்குக் கிடைப்பது ஒரே ஒரு டைமண்ட். எதிராளிகளின் 14 புள்ளிகளில் பத்து டைமண்டிலேயே அடைபட்டு, முதல் பிடிக்குப் பின் பயனற்றுப் போவதே இந்தச் செழிப்புக்குக் காரணம். இப்போது தெற்கின் ஆர்ட்டின் ஏஸை எடுத்துவிட்டு 8-ஐயும், டைமண்ட் 8, 5 ஆகிய இரண்டுக்குப் பதிலாக ராஜாவையும் ராணியையும் வைத்தால் கூட்டுப் புள்ளி 27 ஆக உயர்கிறது. ஸ்லாமோ இரண்டு சிவப்பு ஏஸ்களும் எதிராளிகளிடம் இருப்பதால் ஒழிந்துபோகிறது. ஒரு புள்ளி கூடியதால் ஒரு ஸ்லாம் போயிற்று என்பது வேடிக்கையாகத் தோன்றினாலும், புள்ளி எத்தனை என்பதைவிட எந்த இனத்தில் இருக்கிறது என்பதே ஸ்லாமைத் தீர்மானிக்கிறது என்ற உண்மை இதில் வெளிப்படையாகத் தெரிகிறது.

அந்த ஒற்றை டைமண்டைத் தெற்குக்கு எப்படித் தெரிவிப்பது? 1960-களில் டாரதி ஹேடனும் டேவிட் கிளிஃபும் தனித்தனியே வகுத்த ஸ்பிளின்டர் என்ற முறையில், ஒரு இஸ்பேட் என்று கூட்டாளி தொடங்கியவுடன் வடக்கு தேவைக்கு மேல் இரண்டு படி தாவி நான்கு டைமண்ட் என்பார். டைமண்ட் தன்னிடம் ஒன்றோ பூஜ்யமோதான், இஸ்பேடில் நான்கு சீட்டாவது உண்டு, கேமுக்குப் போதிய வலிமை இருக்கிறது என்ற மூன்று செய்திகள் அந்த ஒரு கேட்பில் அடங்கும். தெற்கு தன் டைமண்ட் 8, 5, 3-ஐப் பார்த்துக்கொண்டு, வீணாகும் புள்ளி தன்னிடம் ஒன்றுமில்லை என்று கண்டு ஸ்லாமை நோக்கி நகர்வார். அங்கே ராஜாவும் ராணியும் இருந்திருந்தால் நான்கு இஸ்பேடில் நின்றுவிடுவார். கடந்த அறுபது ஆண்டுகளில் ஸ்லாம் ஏலத்துக்கு வந்த கருவிகளுள் செலவு குறைந்து பயன் மிகுந்தது இதுவே எனலாம்.

பொதுமக்களிடையே ஸ்லாம் ஏலம் என்றாலே நினைவுக்கு வருவது வேறொன்று: நான்கு நோ டிரம்ப். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்துக் காப்பீட்டுத் துறையினரான ஈஸ்லி பிளாக்வுட் 1933-இல் வகுத்த இம்முறையில், நான்கு நோ டிரம்ப் கேட்பது கூட்டாளியிடம் எத்தனை ஏஸ் என்ற கேள்வி. ஐந்து கிளாவர் என்றால் ஒன்றுமில்லை, ஐந்து டைமண்ட் என்றால் ஒன்று, ஐந்து ஆர்ட்டின் இரண்டு, ஐந்து இஸ்பேட் மூன்று என்று படிப்படியாக விடை. அக்காலத்தில் பிரிட்ஜ் உலகை ஆண்ட எலி கல்பெர்ட்சனின் ‘தி பிரிட்ஜ் வேர்ல்டு’ இதழ் அவர் கட்டுரையை ஏற்கவில்லை, ஆட்டக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நோ டிரம்ப்பில் தொடங்கும் ஏலங்களுக்கு ஜான் கெர்பர் நான்கு கிளாவரை ஏஸ் கேட்கும் கேட்பாக அமைத்தார். பின்னர், இத்தாலியர் செய்த மாற்றங்களின் வழியே, துருப்பு ராஜாவையும் ஐந்தாவது ஏஸாக எண்ணும் ரோமன் கீ கார்டு முறை உருவாகி, எடி கான்டர் எழுதிய நூலால் பரவி, இன்று போட்டி ஆட்டத்தில் பழைய பிளாக்வுட்டின் இடத்தைப் பிடித்துவிட்டது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் தெற்கு நான்கு நோ டிரம்ப் கேட்டால், ‘1430’ என்று வழங்கும் வரிசையில் வடக்கு ஒன்று அல்லது நான்கு என்ற பொருளில் ஐந்து கிளாவர் சொல்வார். தெற்கு அடுத்த படியான ஐந்து டைமண்டால் துருப்பு ராணியைக் கேட்க, ராணியும் உண்டு, ஆர்ட்டின் ராஜாவும் உண்டு என்று ஐந்து ஆர்ட்டின் விடையாக வரும். ஒரு ஏஸ் குறைவு, மற்றவை எல்லாம் உள்ளன என்று அறிந்து தெற்கு ஆறு இஸ்பேடில் முடிப்பார்.

இத்தனை வசதி இருந்தும், மிகுதியாகத் தவறாகக் கையாளப்படும் கருவியும் இதுவே. கேட்பவர் கையில் ஏதேனும் ஓர் இனத்தில் இரண்டு சிறிய சீட்டுகள் மட்டும் இருந்தால், ஒரு ஏஸ்தான் குறைவு என்ற விடை அவரைக் காப்பாற்றாது. அதே இனத்து ராஜாவும் எதிராளியிடம் இருந்தால் முதல் இரண்டு பிடிகளும் போய்விடும். கேட்பவரிடம் ஓர் இனமே இல்லாதபோது, கூட்டாளி சொன்ன ஏஸ் அந்த வெற்று இனத்தினுடையதா பயனுள்ள இனத்தினுடையதா என்று தெரியாது. இதற்காகவே, வெற்று இனத்தில் ஐந்தாம் படிக்குத் தாவி, அந்த ஏஸை நீக்கி மற்றவற்றைச் சொல்லுமாறு கேட்கும் எக்ஸ்க்ளூஷன் முறை பிறந்தது. துருப்பு கிளாவராக இருந்துவிட்டால், பழைய முறையில் ஐந்து டைமண்ட் என்ற ஒரு ஏஸ் விடையே ஐந்து கிளாவரைத் தாண்டிவிடுவதால், வேண்டாத ஸ்லாமுக்குள் விழ நேரும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே உண்மை இருக்கிறது: ஏஸ் கேட்பது இரண்டு ஏஸ்கள் குறைந்த ஸ்லாமைத் தவிர்க்கும் வழியே அன்றி, நல்ல ஸ்லாமைக் கண்டுபிடிக்கும் வழி அன்று. ஸ்லாம் உண்டு என்ற முடிவு நான்கு நோ டிரம்ப்புக்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பலர் அந்த முடிவை எடுப்பதற்கே அதைக் கேட்கிறார்கள்.

முன்பே முடிவெடுக்க உதவுவது கியூ கேட்பு என்னும் உரையாடல். துருப்பு எது என்று ஒப்புக்கொண்ட பிறகு, இன்னோர் இனத்தைக் கேட்பது அதை ஆட விரும்பி அன்று; அவ்வினத்தில் எதிராளிகள் முதல் இரண்டு பிடிகளை உடனே எடுத்துவிடாதபடி தடுக்கும் ஏஸோ ராஜாவோ, ஒற்றைச் சீட்டோ வெறுமையோ, அதாவது கன்ட்ரோல், தன்னிடம் உண்டு என்று அறிவிப்பதற்கு. ஏஸை முதலிலும் ராஜாவைப் பின்னரும் சொல்வது பழைய வழக்கம். 1957-க்கும் 1969-க்கும் இடையே உலக அணிப் போட்டியான பெர்முடா கோப்பையைப் பத்து முறை வென்ற இத்தாலியின் ‘புளூ டீம்’ காலத்திலிருந்து, இரண்டையும் வேறுபடுத்தாமல் கீழிருந்து மேலாகச் சொல்லும் இத்தாலிய பாணி செல்வாக்குப் பெற்றது. ஒருவர் தாண்டிச் சென்ற இனத்தில் அவருக்குக் கன்ட்ரோல் இல்லை என்ற எதிர்மறைச் செய்தியும் இதில் தானாகவே கிடைப்பதுதான் சிறப்பு. சொல்லாமல் விட்டதும் சொன்னதற்குச் சமம். எரிக் ராட்வெல் வகுத்த ‘சீரியஸ்’ மூன்று நோ டிரம்ப், துருப்பு முடிவான பின் வீணாகக் கிடந்த ஒரு கேட்பை எடுத்து, தனக்கு உண்மையாகவே ஸ்லாம் நோக்கம் உண்டு என்று சொல்வதற்குப் பயன்படுத்தியது. அதைத் தாண்டிக் கியூ கேட்பவர் கூட்டாளியின் நோக்கத்துக்கு மரியாதை செய்கிறாரே ஒழியத் தானாக முன்னேறவில்லை என்று பொருள். இந்த உரையாடலுக்கு விலையும் உண்டு. எதிராளிகளும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள்; எந்த இனத்தில் கன்ட்ரோல் சொல்லப்படவில்லையோ அதையே முதலில் இறக்குவார்கள்; செயற்கையாகக் கேட்ட இனத்தை டபுள் செய்து, அதையே இறக்கும்படித் தம் கூட்டாளிக்குச் சொல்லிவிடவும் முடியும். ஸ்லாமையே டபுள் செய்தால் வழக்கத்துக்கு மாறான இனத்தை இறக்கு என்று பொருள்படும் தியோடர் லைட்னரின் முறையும் இப்போரில் பிறந்த ஆயுதமே.

கருவிகள் எவையாயினும், அவை இயங்கத் தேவையான இடத்தை மிச்சப்படுத்துவதே ஸ்லாம் ஏலத்தின் உயிர்நிலை. 35 கேட்புகளில் நான்கு நோ டிரம்ப் இருபதாவது. அதை அடையும்போது ஏணியின் பாதிக்கு மேல் தீர்ந்துபோயிருக்கும். ஆகவே வலுவான கைகள் மெதுவாக நடக்க வேண்டும், மெலிந்த கைகளே தாவ வேண்டும் என்ற, புதியவர்களுக்குத் தலைகீழாகத் தோன்றும் விதி வேரூன்றியது. ஏலத்தைத் தொடங்கியவருக்கு இரண்டாம் படியில் புதிய இனம் சொல்லும் கூட்டாளி கேமுக்கு உறுதி கொடுக்கிறார் என்ற, அமெரிக்க மேற்குக் கரையில் வளர்ந்த முறை, கேம் எங்கே போய்விடும் என்ற கவலையை முதலிலேயே நீக்கி, மூன்றாம் படி முழுவதையும் ஸ்லாம் பேச்சுக்கு விட்டுவைக்கிறது. இன்னொரு வழி, வலுவான கைகளையெல்லாம் ஏணியின் முதற்படியான ஒரு கிளாவரில் தொடங்குவது. வாண்டர்பில்ட்டே முதலில் முயன்ற இவ்வழியை, ஏஸுக்கு 2, ராஜாவுக்கு 1 என்று கன்ட்ரோல்களை எண்ணி விடையளிக்கும் இத்தாலியின் நீலக் கிளாவர் முறையும், கப்பல் தொழிலைச் சேர்ந்த சி.சி. வெய் வகுத்த பிரசிஷன் முறையும் வளர்த்தன; பிரசிஷனை ஆடிய தைவான் அணி 1969-இல் பெர்முடா கோப்பையில் யாரும் எதிர்பாராத வகையில் இரண்டாம் இடம் பெற்றது. இதன் எல்லை ரிலே முறைகள்: ஒருவர் ஒவ்வொரு முறையும் அடுத்த மலிவான கேட்பைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்க, மற்றவர் தம் கையின் இனப் பரவலையும் கன்ட்ரோல்களையும் கிட்டத்தட்ட சீட்டுச் சீட்டாக வருணித்துவிடுவார். சிம்மெட்ரிக் ரிலே என்ற நியூசிலாந்து முறையை வகுத்தவர்களில் ஒருவர், சுழலும் கருந்துளைகளுக்குச் சமன்பாடு கண்ட கணித அறிஞர் ராய் கெர். ரிலேயின் துல்லியம் வியப்புக்குரியது. ஆனால் எதிராளி குறுக்கே மூன்று இஸ்பேட் என்று தாவிவிட்டால், பக்கம் பக்கமாக மனனம் செய்தது பெரும்பாலும் பயனின்றிப் போகும். நினைவாற்றலுக்கு அவ்வளவு விலை கொடுப்பது, ஆண்டுக்கணக்கில் ஒரே கூட்டாளியுடன் ஆடுவோருக்கே தகும்.

கிராண்ட் ஸ்லாமைப் பற்றி மட்டும் தனியே சில சொற்கள் வேண்டும். மூன்று பெரிய துருப்புகளில் இரண்டு இருந்தால் ஏழு கேள் என்று பணிக்கும் ஐந்து நோ டிரம்ப் கேட்பு 1930-களிலேயே கல்பெர்ட்சனால் வகுக்கப்பட்டு, அவர் மனைவி ஜோசஃபினின் பெயரால் ஐரோப்பாவில் வழங்கியது. கருவி பழையதாயினும் துணிவுக்கு எல்லை வகுப்பது மதிப்பெண்ணே. இரண்டு மேசைகளில் ஒரே சீட்டுகளை ஆடி, மதிப்பெண் வேறுபாட்டை இம்ப் என்ற சுருங்கிய அலகாக மாற்றும் அணிப் போட்டியில், எதிரணியும் ஆறு கேட்டிருக்கும் என்றால், ஏழுக்குத் தேவையான வாய்ப்பு 56 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. எதிரணி கேமிலேயே நின்றிருந்தால் கதை மாறும்: வல்னரபிள் அல்லாத இஸ்பேட் ஆட்டத்தில் ஆறு கேட்டாலே 11 இம்ப் வரவு, ஏழு கேட்டு வென்றால் 14, தோற்றால் 11 பற்று. மூன்று இம்ப்புக்காக இருபத்திரண்டைப் பணயம் வைக்கும் அந்த ஏழுக்கு 88 விழுக்காடு வாய்ப்பு வேண்டும். மற்ற மேசையில் என்ன நடந்தது என்பது தெரியாதாகையால், 13 பிடிகளையும் எண்ணிக் காட்ட முடிந்தாலொழிய ஏழு கேட்கக் கூடாது என்ற பழைய ஆசிரியர்களின் எச்சரிக்கை, எளிய ஸ்லாம்களைக்கூட மற்ற மேசை தவறவிடக்கூடிய சாதாரணப் போட்டிகளுக்கு இன்றும் பொருந்தும். உச்ச நிலையிலும் இது நூலிழையில் நிற்பதுண்டு. 1975 பெர்முடா கோப்பை இறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக இத்தாலியின் பெல்லடோனாவும் கரோட்சோவும் துருப்பு ராஜா தங்களிடம் இல்லாமலே ஏழு கிளாவர் வரை போய்விட்டார்கள். ராஜா இருந்த இடம் வாய்ப்பாக அமைந்து ஒப்பந்தம் வென்றது. இத்தாலி 26 இம்ப் வேறுபாட்டில் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. கோப்பையை வென்று கொடுத்த அந்த ஏலத்தை யாரும் பாடமாக வைக்கமாட்டார்கள்.

கேட்பின் பொருளையும் எண்ணையும் தாண்டி ஸ்லாம் ஏலத்தில் ஒரு நெறிச் சிக்கலும் உண்டு. ஏலம் நான்காம் படிக்கு வந்து, கூட்டாளி நெடுநேரம் யோசித்துவிட்டு நான்கு இஸ்பேட் என்று நிறுத்தினால், அவருக்கு இன்னும் ஏறும் எண்ணம் இருந்தது என்பது அந்தத் தயக்கத்திலேயே வெளிப்படுகிறது. கூட்டாளியின் கேட்பிலிருந்து மட்டுமே செய்தி பெறலாம், நேரத்திலிருந்தும் முகத்திலிருந்தும் பெறக் கூடாது என்பது பிரிட்ஜ் விதி. தயக்கத்தைக் கண்ட பின், தம் கை வேறு வழியின்றித் தூண்டினாலொழிய மேலே செல்லக் கூடாது; சென்று வென்றாலும், எதிராளி முறையிட்டால் நடுவர் மதிப்பெண்ணைத் திருத்தலாம். தயங்கிய கேட்புக்குப் பின் ஏறிய ஸ்லாம்கள் நடுவர்களுக்கு ஓயாத தலைவலி. மேசையின் குறுக்கே திரை வைத்துக் கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்க்காதபடி ஆடும் ஏற்பாடு, மேற்சொன்ன 1975 போட்டியில்தான் பெர்முடா கோப்பைக்கு முதன்முதலாக வந்தது. இன்று உலக அளவிலான போட்டிகள் எல்லாம் திரையோடுதான் நடக்கின்றன. திரையில்லாத கிளப் மேசைகளில் ஆடுவோர், ஸ்லாம் வாசனை அடிக்கும் ஏலத்தில் எல்லாக் கேட்புகளையும் ஒரே நிதானத்தில் சொல்லப் பழகிக்கொள்வது நல்லது.